புதுப்பிப்பு: கருவியை எடுத்துவிட்டார்கள்

முதுகுவலிக்கு வைத்த தண்டுவட நரம்புத் தூண்டல் கருவியில் (வலி குறைய நரம்புக்கு லேசான மின்துடிப்பு கொடுப்பது, பேட்டரியோடு உடம்புக்குள் வைப்பார்கள்) சீழ் பிடித்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். "தையல் அப்படித்தான் இருக்கும்" என்று மதுரையில் மூன்று முறை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில், இடுப்புத் தையல் சீட்டில் உரசாமல் ஒருக்களித்தே உட்கார்ந்து போவேன். நான்காம் முறை வேட்டியில் மஞ்சள் கறை. அப்புறம்தான் என்ன கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பேட்டரி இருக்கும் இடத்தில் கிருமி புகுந்தால் பெரும்பாலும் மொத்தக் கருவியையும் எடுக்க வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்ல வாய் வலித்ததா?

எடுத்தாயிற்று. காய்ச்சல் இல்லை, வலி பழையபடி. கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். இன்று ஐந்தாம் நாள். "சார் லீவு" என்கிறார்கள்.