சுழலும் களம், எகிறும் களம்: ஆடுகள மதிப்பீட்டில் நேர்மை குறித்து உறுப்பினர்களின் அனுபவங்கள்

மெல்பர்ன்வாசி:

2025 டிசம்பரில் மெல்பர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதிய ஆஷஸ் டெஸ்ட்டின் மூன்றாம் நாளுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மூன்றாம் நாள் வரவே இல்லை. ஆடுகளத்தில் 10 மில்லிமீட்டர் உயரத்துக்குப் புல் விட்டிருந்தார்கள். முதல் நாளிலேயே 20 விக்கெட்டுகள் விழுந்தன. மறுநாள் ஆட்டம் முடிந்தபோது இரு அணிகளிலும் ஒருவர்கூட அரைசதம் அடித்திருக்கவில்லை. ஆட்ட நடுவர் (மேட்ச் ரெஃபரி) ஜெஃப் குரோ அந்தக் களத்துக்குத் 'திருப்தியில்லை' என்ற மதிப்பீட்டையும், மைதானத்தின் கணக்கில் சேரும் தண்டனையான ஒரு குறைப்புள்ளியையும் வழங்கினார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே தொடரில் பெர்த்தில் நடந்த முதல் டெஸ்ட்டும் இரண்டே நாளில் முடிந்தது. அதற்குக் கிடைத்த மதிப்பீடு 'மிக நன்று'.

அலுவலகத்தில் என்னுடன் பணிபுரியும் ஆஸ்திரேலிய நண்பர்கள், 2021இல் அகமதாபாத் டெஸ்ட் இரண்டு நாளில் முடிந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பவர்கள். பெர்த்தைப் பற்றி நான் கேட்டபோது, டிராவிஸ் ஹெட் 83 பந்துகளில் 123 ரன் குவித்த களத்தை எப்படிக் குறை சொல்வது என்று திருப்பிக் கேட்டார்கள். வாதம் நியாயமானதுதான், ஆயினும் இரண்டு நாளில் முடிந்த ஒரு சுழற்களத்துக்கு 'மிக நன்று' என்று எழுத எந்த நடுவருக்காவது மனம் வருமா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. ஆட்டத்தோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்.

மாவட்ட லீக் நடுவர்:

ஐயா, எங்கள் லீக்கில் ஆட்டம் முடிந்ததும் இரு கேப்டன்களையும் ஆடுகளத்தைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்வது என் வழக்கம். பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். தோற்ற கேப்டன் களத்தைப் பாராட்டியதும் கிடையாது, வென்ற கேப்டன் பழித்ததும் கிடையாது. ஒருமுறை ஓர் ஆஃப் ஸ்பின்னர் எதிரணியை மதிய உணவுக்குள் சுருட்டிவிட்டார். "சார், இது பிட்சா, நாத்து நடுற வயலா?" என்று தோற்ற கேப்டன் கொதித்தார். "நல்ல பிட்ச் சார், கொஞ்சம் நின்னு ஆடியிருக்கணும்" என்றார் மற்றவர். இருவர் பேச்சையும் ஒதுக்கிவிட்டு, அன்று நான் விக்கெட் கீப்பரின் கையுறையை மட்டுமே கவனித்திருந்தேன். பந்து ஏராளமாகத் திரும்பியது உண்மை. ஆனால் ஒரே அளவில் குத்திய பந்துகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், இடுப்பளவில், கீப்பரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே அந்தக் களத்தில் குறையில்லை என்றே எழுதினேன்.

அதே பருவத்தில் இன்னொரு மைதானத்தில், புல் அடர்ந்த களத்தில், ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஒரே இடத்தில் குத்திய இரண்டு பந்துகளில் முதலாவது கால்விரலுக்கு உருண்டது, இரண்டாவது மட்டையாளரின் கையுறையைத் தாக்கி விரலை உடைத்தது. அங்கிருந்தோர் அதை 'ஸ்போர்ட்டிங் விக்கெட்', அதாவது விறுவிறுப்பான நல்ல களம், என்று புகழ்ந்தார்கள். நான் மோசம் என்று எழுதியதற்கு வசையும் கிடைத்தது.

சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறது. ஆட்டம் செல்லச் செல்லப் பந்து கூடுதலாகத் திரும்புவது இயல்பு. துணைக்கண்டத்தில் முதல் நாளே ஓரளவு திரும்புவதும் எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் அந்தக் கட்டத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு பந்துகளுக்கு மேல் எழுச்சி (பவுன்ஸ்) ஒழுங்கற்றுப் போவதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம். 2023 மார்ச்சில் இந்தூர் களத்துக்கு ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் 'மோசம்' என்று மூன்று குறைப்புள்ளிகள் கொடுத்தார். இந்தியக் கிரிக்கெட் வாரியம் மேல்முறையீடு செய்தது. அதை விசாரித்த கவுன்சிலின் குழுவில் இருந்த வாசிம் கானும் ரோஜர் ஹார்ப்பரும் காணொளியைப் பார்த்துவிட்டு, அந்த மதிப்பீட்டுக்குப் போதுமான அளவுக்குப் பந்தின் எழுச்சி மாறுபடவில்லை எனக் கூறி, 'சராசரிக்குக் கீழ்' என்று ஒரு புள்ளியாகக் குறைத்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டு நாளில் முடிந்த பிரிஸ்பேன் களத்துக்கும் அதே மதிப்பீடுதான். இறுதியில் இரண்டும் ஒரே தட்டில் வந்து நின்றன. ஆனால் ஒன்று மேல்முறையீட்டுக்குப் பிறகே அங்கு வந்தது.

வேகக் களங்கள் தப்பித்துக்கொள்கின்றன என்று முழுக்கவும் சொல்வதற்கில்லை. 2018 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் பும்ராவின் பந்து டீன் எல்கரின் ஹெல்மெட்டைத் தாக்கி, மூன்றாம் நாள் ஆட்டமே முன்கூட்டி நிறுத்தப்பட்டது. அந்தக் களத்துக்கு ஆண்டி பைகிராஃப்ட் 'மோசம்' என்றுதான் எழுதினார். 2024இல் கேப் டவுனில் 642 பந்துகளில் முடிந்த டெஸ்ட்டுக்கும் தண்டனை கிடைத்தது. நடுவர் தன் நாட்டுக்குச் சாய்வார் என்ற சந்தேகமும் எளிதில் எழுகிறது. அகமதாபாத்துக்குச் 'சராசரி' என்று எழுதிய இந்தியரான ஜவகல் ஸ்ரீநாத்தைக் குறை கூறியவர்கள், மறு ஆண்டே பெங்களூரு களத்துக்குச் 'சராசரிக்குக் கீழ்' என்று எழுதியவரும் அவரே என்பதைப் பேசுவதில்லை.

கல்லூரி மைதானத்துக்காரர்:

என் தந்தையார் ஒரு கல்லூரி மைதானத்தின் பராமரிப்பாளர். ரோலர் இழுத்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். செம்மண் களத்தில் பந்து நன்றாக எழும்பும். வெயில் ஏறினால் மேற்பரப்பு பொரிந்து திரும்பவும் செய்யும். களிமண் மிகுந்த கரிசல் களம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பந்தைத் தாழ்வாகவும் மெதுவாகவும் அனுப்பும். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை, அந்தந்த ஊரின் மண் அப்படி. எங்கே தண்ணீர் விடுகிறார்கள், எங்கே விடாமல் இருக்கிறார்கள் என்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது.

ஒருமுறை, வரவிருந்த அணியில் இடக்கை மட்டையாளர்கள் அதிகம் என்று தெரிந்து, அவர்களுடைய ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, பந்து குத்தும் பகுதியை மட்டும் நனைக்காமலும் உருட்டாமலும் விடும்படி என் தந்தையிடம் சொன்னார்கள். அவர் மறுத்தார், முழுக் களத்தையும் காயவிடச் சொன்னால் விடுகிறேன், ஒட்டுப்போடச் சொன்னால் மாட்டேன் என்றார். இரு அணிகளும் ஒரே களத்தில் ஆடும்போது சுழலோ வேகமோ சொந்த மண்ணின் உரிமை என்று ஏற்கலாம். ஒரு சிலரைக் குறிவைத்து ஒரு திட்டை மட்டும் கெடுப்பது வேறு. மதிப்பீடு ஆட்டம் முடிந்த பிறகே எழுதப்படுவதால், இந்த வேலை பெரும்பாலும் அதில் பிடிபடுவதில்லை. ஆட்டத்துக்கு முன்பே நடுவர் களத்தைச் சுற்றி வந்து, ஈரமும் உருட்டலும் சீராக உள்ளனவா என்று பதிவு செய்தால் ஏதேனும் பயனுண்டு.

சேப்பாக்கம் ரசிகர்:

நடுவர் ஐயா கீப்பரின் கையுறையைப் பற்றி எழுதியதைப் படித்ததும், 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டின் ஸ்கோர்கார்டைத் தேடி எடுத்தேன். நான் கேலரியில் இருந்தேன். முதல் நாளே பந்து விழுந்த இடத்தில் மண் புகைபோல் எழுந்தது அங்கிருந்தே தெரிந்தது. இது ஐந்து நாள் டெஸ்ட்டுக்கான களமே அல்ல என்று இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மைக்கேல் வான் எழுதினார். ஆனால் அந்தக் களத்தில்தான் ரோகித் சர்மா 161 எடுத்தார். எட்டாவதாக இறங்கிய அஸ்வின் 106 எடுத்தார், அந்தச் சதத்துக்கு மறுமுனையில் நின்ற சிராஜ் அவரைவிட அதிகமாகத் துள்ளினார்.

முதல் இன்னிங்ஸில் இந்தியா எடுத்தது 329. அதில் உதிரி ரன் ஒன்றுகூட இல்லை. வைடும் நோபாலும் வீசாதது பந்துவீச்சாளர்களின் ஒழுக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பந்து ஒழுங்கின்றி எகிறித் தாழும் களமாக இருந்தால், ஸ்டம்பை ஒட்டி நின்ற இங்கிலாந்து கீப்பர் பென் ஃபோக்ஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மட்டையில் படாமல் கீப்பரைத் தாண்டும் பந்துகளுக்குக் கிடைக்கும் 'பை' ரன் நாலாவது போயிருக்கும். அவர் ஒன்றும் விடவில்லை. பின்னால் சில பந்துகள் சடாரென்று எழுந்ததை நான் மறுக்கவில்லை. கடைசி நாளில் அது நடக்காத சேப்பாக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.