தள்ளாடும் பூனைகள்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

பேட்டை அக்கா:
நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே எங்கள் குட்டிக்குத் தள்ளாட்டம்தான். அந்தப் பால் கிண்ணம்தான் மனதை விட்டுப் போகவில்லை. படுத்திருக்கும்போது ஆடாத தலை, கிண்ணத்தை நோக்கிக் குனியக் குனிய வெடவெடவென்று ஆடி, பாலைத் தட்டிவிட்டு அதிலேயே சரிந்து விழுந்தது. விழுந்தபடியே தரையில் ஓடிய பாலை நக்கியது. பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏளா, இது வலிப்பு, ஆத்தங்கரையில கொண்டு விட்டுரு" என்றார்கள். வலிப்பு இல்லை. தாய் சினையாக இருந்தபோது பான்லுகோபீனியா என்ற பூனை வைரஸ் தாக்கி, உடம்பை நிதானமாக அசைய வைக்கும் சிறுமூளை குட்டிக்குச் சரியாக வளரவில்லையாம். வலி கிடையாது, நாளாக ஆக மோசமாகவும் ஆகாதாம்.

மேலப்பாளையம்:
அக்கா, இதைப் படித்துவிட்டு எல்லாத் தள்ளாட்டமும் பிறவி என்று யாரும் இருந்துவிடக் கூடாது. எங்கள் பூனைக்கு 5 வயது, ஒரு குறையும் கிடையாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை நான்தான் அதன் கழுத்தில் ஊற்றினேன். சாயங்காலம் வீட்டுத் தார்சாவில் இருந்தபோது காது துடித்தது, பிறகு பின்னங்கால் பின்னியது, மடியில் எடுத்தால் நான் கட்டியிருந்த சாரமும் (லுங்கி) சேர்ந்து அதிர்ந்தது. மருந்தில் இருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது.

உவரி:
எங்களுடையது பச்சை மீனே தின்று வளர்ந்தது. ஒரு நாள் கழுத்து தொங்கி, தாடை நெஞ்சில் முட்ட, குடிகாரன்போல் நடந்தது. சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு, வேகவைத்தால் போய்விடும். அந்த வைட்டமின் ஊசி போட்டதும் நிமிர்ந்தது.
அக்கா, கிண்ணத்தை உயரத்தில் வையுங்கள், வழுக்கும் தரையில் சாக்கு விரியுங்கள், தட்டட்டிக் (மொட்டை மாடி) கதவை மூடியே வையுங்கள். தாய்ப்பூனைக்குத் தடுப்பூசி போடுங்கள், ஆனால் சினையாக இருக்கும்போது உயிருள்ள வைரஸ் ஊசி வேண்டாம், அதுவே குட்டிகளின் சிறுமூளையைக் கெடுக்கும். மேலப்பாளையம் அண்ணன் மருந்தையே பிடித்துக்கொண்டார், அது மட்டுமில்லை: தலை ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்தால் காதுக்குள் சீழ் இருக்கலாம். திடீரென்று பின்னங்கால்கள் இழுத்துச் சில்லிட்டு, பூனை அலறினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே அக்கா உங்களுக்கு.

பேட்டை அக்கா:
சாக்கு விரித்துவிட்டேன் தம்பி. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கூடப் பிறந்த இரண்டுக்கும் ஒன்றுமில்லை, ஒரே ஈற்றில் அப்படியும் இருக்குமாம். அவை சுவரேறிப் போனதும் இது கீழே நின்று, தலை ஆட ஆட, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது.