தலைத்தீபாவளிக்கு மோதிரம் வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்கலாமா? (2025 தீபாவளிக்கு முன் நடந்த உரையாடல்)

சின்னப்பாலம் மகள்:
வருகிற ஞாயிற்றுக்கிழமை பாம்பனில் எங்கள் ஊர்க்கூட்டம். தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குத் தங்க மோதிரம் போடும் வழக்கத்தை ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும் என்று கேட்கப் போகிறேன். மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

இந்த 2025 அக்டோபரில் சென்னையில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இரண்டு கிராம் மோதிரத்துக்குத் தங்கம் மட்டுமே 22,500. செய்கூலி, சேதாரம் தனி. அதோடு முடிவதுமில்லை. வேட்டி, சேலை, பலகாரம், வெடி, விருந்து என்று நீள்கிறது.

போன வருடம் என் அக்காவுக்குத் தலைத்தீபாவளி. அப்பா நண்டு வலை போடுகிறவர். வியாபாரி ஒருவரிடம் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். வட்டி ஒரு பைசா கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் முன்பணம் வாங்கியவர் நண்டை வேறு யாருக்கும் போடக் கூடாது. கரையில் கிலோ 400 ரூபாய்க்குப் போன நண்டை எங்களிடம் 350-க்குத்தான் எடுத்தார்கள். அம்மாவின் பால் கணக்கு நோட்டில் பின்பக்கம் நான் நாள்தோறும் குறித்து வைத்தேன். நாளுக்கு ஐந்து கிலோ, நூறு நாள் கடல். 25,000 ரூபாய் அப்படியே கழிந்திருக்கிறது. கடனில் எவ்வளவு அடைந்தது என்று கேட்பீர்கள். ஒரு ரூபாயும் அடையவில்லை, அசல் 30,000 அப்படியே நிற்கிறது. மோதிரம் ஆனி மாதமே அடகுக் கடைக்குப் போய்விட்டது.

வாடைக்காற்று, ராமேசுவரம்:
தங்கச்சி, உன் வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் நீ தவறான கதவைத் தட்டுகிறாய்.

விசைப்படகில் பதினெட்டு வருடமாகப் போகிறேன். திங்கள், புதன், சனி மட்டும்தான் எங்களுக்குக் கடல். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதற்குக் கிடைக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார், நாளுக்கு 131 ரூபாய். ஐப்பசி பிறந்தால் வாடை திரும்பிவிடும், புயல் எச்சரிக்கை கொடுத்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டான். மறு வாரமே இறாலுக்குக் கரையில் விலையைக் குறைத்துவிட்டார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துப் பங்கு பிரித்தால் கையில் வருவதை வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தீபாவளியும் இந்த வருடம் அக்டோபர் 20-ஆம் தேதி, திங்கட்கிழமை. அந்தக் கடல் நாளும் போயிற்று.

வருமானம் நாலு பக்கமும் அறுபடும்போது மீனவனைப் பார்த்துச் செலவைக் குறை என்று ஊரே தீர்மானம் போடுவது என்ன நியாயம்? பிள்ளைக்கு வருடத்தில் ஒரு நாள் புதுத்துணி, தங்கைக்கு ஒரு சீர். அதையும் கை தூக்கி நிறுத்திவிட்டால் நாம் எதற்காகத்தான் கடலுக்குப் போகிறோம்?

கடைத்தெரு, கீழக்கரை:
இரண்டு பேரும் பேசியதில் கடைக்காரன் பக்கம் வரவே இல்லை. எங்கள் வாப்பா காலத்திலிருந்து மளிகைக் கடை. விலைவாசி என்றதும் எல்லோரும் கடைக்காரன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. வரி குறைந்தபோது சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பழைய வரி கட்டி வாங்கிய சரக்கையும் அன்று காலையிலிருந்தே குறைத்து விற்றேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முந்தாநாள் ஓர் அம்மா வந்தார்கள். வருடா வருடம் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்குகிறவர்கள். கால் லிட்டர் போதும் என்றார்கள். கடலை மாவு ஒரு கிலோ கட்டிய பிறகு, பாதியாக்கிவிடு தம்பி என்றார்கள். பொட்டலத்தைப் பிரித்து மறுபடி நிறுத்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடன் நோட்டில் எழுதிக்கொள்கிறேன் என்றேன், மறுத்துவிட்டார்கள். ஊர் கூடிச் செலவுக்கு வரம்பு போட்டால் முதலில் முடங்குவது என்னைப் போன்ற சிறு கடைதான். நானும் மொத்தக் கடைக்குக் கட்ட வேண்டிய பாக்கியோடுதான் இருக்கிறேன். எங்கள் பெருநாளுக்கும் இதே பாடுதான், தங்கச்சி.

சாயல்குடி ஆசிரியர், ஓய்வு:
வரி குறைந்தது உண்மை. ஆனால் ஏழை வீட்டுக் காசு எதில் போகிறது என்று பாருங்கள். எடை போட்டு விற்கும் அரிசி, பருப்புக்கு முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை. சமையல் எண்ணெய்க்கு அன்றும் 5, இன்றும் 5. அந்த அம்மா சோப்பில் மிச்சம் பிடித்தது எண்ணெயில் போய்விட்டது.

நாட்டுக்குத் தேவைப்படும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில், பண்டிகை நெருங்கும் நேரத்தில், இறக்குமதி வரியைக் கூட்டினார்கள். சுத்திகரிக்காத பாமாயிலுக்கு அடிப்படை வரியே இல்லாமல் இருந்தது, 20 சதவீதமானது. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது காரணம். அதை நான் குறை சொல்லவில்லை. 2025 மே மாதக் கடைசியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். தேங்காய் எண்ணெயோ தன் போக்கில் உச்சத்துக்குப் போய்விட்டது. ரேஷனில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். அது இல்லையென்றால் பல வீடுகளில் அடுப்பில் சட்டியே ஏறாது. பண்டிகை மாதத்துக்கு மட்டுமாவது இன்னொரு லிட்டர் கொடுத்தால் என்ன?

பலகாரச் சீட்டு கட்டுகிறவர்கள் ரசீது வாங்கி வையுங்கள். எங்கள் தெருவில் மாதம் 500 கட்டியவர்கள் போன வருடம் ஏமாந்தார்கள். சீட்டுப் பிடித்தவர் புரட்டாசியிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார்.

சின்னப்பாலம் மகள்:
கீழக்கரை காக்கா (அண்ணன்), உங்கள் கடையில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மோதிரத்துக்குப் போகும் பணம் கீழக்கரை மளிகைக் கடைக்கா வருகிறது? அது நகைக்கடைக்குப் போகிறது, பிறகு அடகுக் கடைக்குப் போகிறது. அது வீட்டில் நின்றால் அந்த அம்மா கடலை மாவைப் பாதியாக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாடைக்காற்று அண்ணனுக்கு: நிவாரணம் போதாது, இறால் விலை விழுந்தது, எல்லாம் சரி. அதற்குக் கலெக்டர் அலுவலகத்துக்கு வாருங்கள், நான் முன்னால் நடக்கிறேன். ஆனால் முன்பணத்தை வாங்கவைப்பது யார்? அமெரிக்காக்காரனா? நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். அந்த நாலு பேரும் ஊர்க்கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே கேட்கிறேன். ஒரு வீடு தனியாக மோதிரம் போடாவிட்டால் பெண்ணுக்கு ஏச்சு. ஊரே போடாவிட்டால் யார் யாரை ஏசுவது?

என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்குவார். மரிக்கொழுந்துப் பாசி பாறையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், கையால் பறித்து எடுக்க வேண்டும். விரலில் துணி சுற்றியிருந்தாலும் நுனி பிளந்துவிடும். அக்கா தலைத்தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தபோது மிளகாய்த்தூள் அந்தப் பிளவில் பட்டுக் கையை உதறிக்கொண்டே பிழிந்தார். முதல் நாள் எண்ணெயை வடிகட்டி, மறுநாள் அதிரசத்துக்கு அதையே வைத்தார். அப்படிச் சிக்கனம் பிடித்தவர் வீட்டில்தான் வருடத்துக்கு 25,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் கழிந்தது.

வாடைக்காற்று, ராமேசுவரம்:
அப்படியென்றால் முன்பணக் கொள்ளையை நிறுத்தச் சொல், மோதிரத்தை ஏன் சொல்கிறாய்? கந்துவட்டிக்கு 2003-இலேயே சட்டம் வந்தது. இந்த 2025-இலும் கடன் வசூலில் மிரட்டுகிறவர்களுக்கு எதிராகப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இதில் மட்டும் வட்டி என்ற பெயரே இல்லாததால் எந்தச் சட்டமும் தொடவில்லை. நண்டு விலையில் ஒளிந்திருக்கிற வட்டி அது. அதைப் பேசாமல் விருந்தையும் சீரையும் பேசினால், நாளைக்கு ஆள் ஆளுக்கு மீனவன் ஊதாரி என்பான். அந்தப் பேச்சை நான் நிறையக் கேட்டுவிட்டேன்.

தேவிபட்டினம் தகப்பன்:
இந்த வருடம் என் மகளுக்குத் தலைத்தீபாவளி. மோதிரம் வேண்டாம் என்று சம்பந்தியிடம் பேச நாலு முறை போனை எடுத்து நாலு முறையும் வைத்துவிட்டேன். ஊர் முடிவு என்று ஒன்று இருந்தால் என் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தம்பி வாடைக்காற்று, கௌரவம் போய்விடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்குத் தேவை அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு சாக்கு. அதைத்தான் அந்தப் பிள்ளை கேட்கிறது.

கடைத்தெரு, கீழக்கரை:
அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் போட வரவில்லை. மோதிரத்துக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. துணி, பலகாரம், வெடிக்கு வரம்பு போடாதீர்கள். அது பிள்ளைகள் காரியம்.

வாடைக்காற்று, ராமேசுவரம்:
தேவிபட்டினம் அண்ணனுக்காக மோதிரத்தை விட்டுக்கொடுக்கிறேன். மற்றதில் நான் சொன்னது சொன்னதுதான். தங்கச்சி, தீர்மானத்தில் இரண்டாவதாக இதையும் எழுது: முன்பணம் வாங்கியவனுக்கும் வாங்காதவனுக்கும் கரையில் ஒரே விலை. அது இல்லாமல் மோதிரத்தை மட்டும் நிறுத்தினால் முன்பணம் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று வேறு பெயரில் வரும்.

சின்னப்பாலம் மகள்:
எழுதிவிட்டேன், அண்ணன். இரண்டாவதாக இல்லை, முதலாவதாகவே. ஆனால் ஒரே விலை என்றால் வியாபாரிகள் முன்பணமே தர மாட்டோம் என்பார்கள். மழைக் காலத்தில் வலை கிழிந்தால் எங்கே போவது என்று அப்பா இப்போதே கேட்கிறார். மீனவர் சேமிப்புத் திட்டத்தில் நாம் 1,500 கட்டினால் அரசுப் பங்கோடு 4,500 ஆகத் திரும்புகிறது. ஒரு வலைக்குக்கூட அது காணாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். முன்பணம் வாங்கியவர்கள் போன வருடத்து நண்டுக் கணக்கு வைத்திருந்தால் நோட்டோடு கூட்டத்துக்கு வாருங்கள். என் ஒருத்தியின் நோட்டை மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள்.