மறந்துபோன கொடுமை பெரியவரான பிறகு நினைவுக்கு வந்தால் நம்பலாமா?

ரகு:
சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அது மறக்காது. இருபது வருஷம் கழித்துத் தெரபி (மனநல சிகிச்சை) அறையில் ‘நினைவு வந்தது’ என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். 1995இல் உளவியல் ஆய்வாளர்கள் லாஃப்டஸும் பிக்ரெலும் 24 பேரிடம், ‘சின்ன வயசில் ஷாப்பிங் மாலில் தொலைந்துபோனீர்கள், உங்கள் வீட்டாரே சொன்னார்கள்’ என்றார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் 6 பேர் அரைகுறையாகவோ முழுசாகவோ நினைவிருக்கிறது என்றார்கள்.

மலர்விழி:
மாலில் தொலைவதும் இதுவும் ஒன்றா, ரகு? அமெரிக்க ஆய்வாளர் லிண்டா வில்லியம்ஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 1970களில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமிகள்; பதிவேடே இருக்கிறது. சுமார் 17 வருஷம் கழித்து 129 பேரிடம் பேசினால், 38 சதவீதம் பேர் அந்தச் சம்பவத்தைச் சொல்லவில்லை.

ரகு:
சொல்லாதது எல்லாம் மறதியா? வெட்கம் இருக்கும். அதில் 10 மாதக் குழந்தைகூட உண்டு. அந்த வயசு யாருக்கு நினைவில் நிற்கும்?

மலர்விழி:
கைக்குழந்தை விஷயம் சரி. வெட்கம் என்பதை ஏற்கமாட்டேன். அந்த 38 சதவீதத்தில் பெரும்பாலோர் அதே பேட்டியில் வேறு பாலியல் கொடுமையைச் சொல்லியிருக்கிறார்கள். நினைவிருக்கிறது என்ற 75 பேரில் 12 பேர், நடுவில் ஒரு காலம் மறந்தே போயிருந்தது என்றார்கள். தெரிந்தவரால் கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் மறதி அதிகம். அண்டி வாழவேண்டிய ஆளைப் பற்றியது என்பதால் இருக்கலாம்.

ரகு:
உளவியலாளர் குட்மனின் குழு 2003இல், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானதாகப் பதிவு உள்ள 175 பேரிடம் கேட்டபோது 81 சதவீதம் பேர் அதைச் சொன்னார்களே?

மலர்விழி:
அவை வழக்குவரை போனவை. பலமுறை வாய்விட்டுச் சொன்னது எளிதில் மறக்காது.

அன்பரசி:
மறதி உண்டா இல்லையா என்பதைவிட, நினைவு எந்த வழியில் வந்தது என்பதே முக்கியம். உளவியலாளர் கெரார்ட்ஸின் குழு 2007இல், இப்படிப்பட்ட நினைவுகளுக்கு வெளிச்சான்று, அதாவது வேறு யாராவது உறுதிப்படுத்துகிறார்களா என்று தேடியது. எப்போதும் மறக்காதவர்களில் 45 சதவீதம், தெரபிக்கு வெளியே தானாக நினைவு வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்குச் சான்று கிடைத்தது. தெரபியில் நினைவு வந்த 16 பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே நினைவு வந்த உடனே, யாரிடமும் பேசுமுன், எதையும் படிக்குமுன், தேதி போட்டுச் சொந்த வார்த்தையில் எழுதிவையுங்கள். எதைப் பார்த்ததும் வந்தது, எது தெளிவு, எது மங்கல் என்று தனித்தனியாக. இடைவெளியை ஊகித்து நிரப்பாதீர்கள். ஊகம் நாளடைவில் நினைவுபோலவே ஆகிவிடலாம். படபடப்பு வந்தால் எழுதுவதை நிறுத்தி, கால்களைத் தரையில் ஊன்றி இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் சத்தமாகச் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் சீராகும்வரை விவரங்களைக் கிளற வேண்டாம். ஹிப்னாஸிஸ் (மனவசியம்) வேண்டவே வேண்டாம்.

ரகு:
ஊசியும் வேண்டாம். மகளுக்குச் சோடியம் அமிட்டால் என்ற மயக்க மருந்தைப் போட்டு நினைவைத் தேடிய சிகிச்சையால் தந்தைமேல் பழி விழுந்தது; அதற்காக 1994இல் கலிபோர்னியாவின் நாப்பாவில் ஜூரி அந்தத் தந்தைக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

மலர்விழி:
அது அந்தச் சிகிச்சை முறையின் குற்றம். சான்று கிடைக்காததால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது, ரகு. மறக்காதவர்களிலேயே பாதிக்கு மேல் சான்று இல்லையே. பழைய மருத்துவச் சீட்டு, திடீரென்று பள்ளி மாறிய பதிவு, கூடப் பிறந்தவர்கள் என்று தேடலாம். அவர்களிடம் ‘அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். ஆளின் பெயரை நீங்களே எடுத்துக்கொடுத்தால் வரும் பதில் சான்றாக நிற்காது.