உங்கள் மாடல் கப்பலைப் பார்த்து ஒருவர் சொன்னது இன்னும் உறுத்துகிறதா?

அமரக்காரன்

மிசௌரி, அமெரிக்கப் போர்க்கப்பல், 1/350 (நிஜத்தில் 350இல் ஒரு பங்கு). ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து முடித்தது. முழு ஹல் (நீருக்கு அடியில் இருக்கும் பாகமும் சேர்ந்த கப்பல் உடல்), எட்ச் ரெயிலிங் (மெல்லிய உலோகத் தகட்டில் அரித்தெடுத்த தடுப்புக் கம்பிகள்), உலோகத்தில் கடைந்த பீரங்கிக் குழாய்கள், தனியாக வாங்கிய பித்தளைப் புரொப்பெல்லர்கள். 77 சென்டிமீட்டர் நீளம் என்பதால் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உட்கார முடியும். எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். பீரங்கிகளை எண்ணுவார்கள், "இந்தக் கம்பியெல்லாம் நீங்களே ஒட்டினதா?" என்பார்கள், முடிந்தது.

அன்று வந்தவர் தூரத்து உறவு, வயதானவர். கப்பல் இன்ஜின் அறையிலேயே முப்பது வருடம் இருந்தவராம். மேல்தளம் பக்கம் அவர் கண் போகவே இல்லை. சிரமப்பட்டுக் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அமரத்துக்கு, அதாவது கப்பலின் பின்முனைக்கு, நேராக முகத்தைக் கொண்டுபோனார்.

"புரொப்பெல்லர்ல உள்ளே ரெண்டுக்கும் அஞ்சு இலை, வெளியே ரெண்டுக்கும் நாலு இலை. சரியாப் போட்டிருக்கீங்க தம்பி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை. அப்புறம் சொன்னார்: "ஆனா இடது வலது மாறிப்போச்சு. இன்ஜினைப் போட்டா இது பின்னாடிதான் போகும்."

எழுந்து வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பாராட்டிய அத்தனை பேரில் ஒருவர் முகமும் நினைவில்லை. அந்த மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது மட்டும் அப்படியே நிற்கிறது. நான்கையும் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருக்கிறேன். இப்போதைக்கு அமரம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எழுநூறு

என்னிடம் மனிதர் யாரும் சொல்லவில்லை, கப்பலே காட்டிக்கொடுத்தது.

ஜப்பானியக் கனரக குரூஸர், 1/700. பழுப்பு லினோலியத் தளம், அதை இறுக்கிப் பிடிக்கும் பித்தளைப் பட்டைகள், அவற்றை ஒவ்வொரு கோடாகத் தீட்டியது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மறுநாள் காலை கண்காட்சி. இரவு பதினொன்றரைக்குக் கடைசி ரெயிலிங்கை சூப்பர் க்ளூவில் ஒட்டினேன். தூசி விழக்கூடாதே என்று உடனே அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். (விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.)

காலையில் கப்பல் முழுக்க வெள்ளைப் பூச்சு, பனி பெய்தது போல. அதன் நடுவே, ஹல்லின் பக்கவாட்டில், புகைபோக்கிக்கு நேர் கீழே, என் கட்டைவிரல் ரேகை. ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் கோடு கோடாக, அவ்வளவு துல்லியம். நிஜக் கப்பலில் அது பத்து மீட்டருக்கு மேல் வரும். மூடிய பெட்டிக்குள் சூப்பர் க்ளூ ஆவி இப்படித்தான் படியும், தடயவியல்காரர்கள் கைரேகை எடுக்கும் முறைகளில் இதுவும் ஒன்று என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஈரப்பஞ்சால் ஒற்றி, மேலே கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடித்ததில் பனி மறைந்துவிட்டது. ரேகை மட்டும் பக்கத்து வெளிச்சத்தில் இன்னும் லேசாகத் தெரியும். வருகிறவர்களை அந்தப் பக்கம் நிற்க விடுவதில்லை.

வாட்டர்லைன்_மட்டும்

அமரக்காரன், பெரியவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இடது வலது மாறினால் கப்பல் பின்னால் போகும் என்பது ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) சுழலும் திசை மாறாமல் இருந்தால்தான். ஷாஃப்டும் எதிர்த்திசையில் சுழன்றால் கப்பல் முன்னால்தான் போகும். மேல் இலைகள் கப்பலின் நடுவை நோக்கிச் சுழலும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி வடிவமைத்த கப்பல்களும் உண்டு.

சரி, சோதிப்பது எப்படி என்றால்: அமரத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு இலையை நேர் மேலே நிறுத்துங்கள். அதன் வலது ஓரம் அணியத்தின் (கப்பலின் முன்முனை) பக்கம் சாய்ந்து போனால் அது வலச்சுழி. கப்பல் முன்னால் போகும்போது பின்னாலிருந்து பார்ப்பவருக்குக் கடிகார முள் போலச் சுழலும். இடது ஓரம் அப்படிப் போனால் இடச்சுழி. வலப்பக்க ஷாஃப்டில் வலச்சுழி, இடப்பக்கத்தில் இடச்சுழி, பெரும்பாலான போர்க்கப்பல்களில் இதுதான் வழக்கம். ஒட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். ஒட்டியாகிவிட்டதா? அசிட்டோன் பக்கம் போகவே போகாதீர்கள், மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உருகி வழியும். சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் தன்மை உடையது. ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு லேசாகத் தட்டுங்கள், கழன்றுவிடும். மறுபடி ஒட்டும்போது எபாக்ஸி போடுங்கள், நேராக்க நேரம் கிடைக்கும்.

என் அனுபவம்: நான் செய்வதெல்லாம் நீர்மட்டத்துக்கு மேலே மட்டும்தான். ஒரு விருந்தாளி "ஏன் சார், பாதியிலேயே அறுத்துட்டீங்க?" என்று கேட்டார். 1971இல் ஷிசுவோகாவில் நான்கு கம்பெனிகள் சேர்ந்து வாட்டர்லைன் என்ற இந்த வகை மாடல் தொடரைத் தொடங்கியதிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு "அப்போ மீதி அடுத்த பெட்டியில வருமா?" என்றார்.

நீலத்தளம்

நான் ஹூட் செய்தேன், பிரிட்டிஷ் போர்க்கப்பல், 1/700. அது மூழ்கிய நாளான 1941 மே 24க்கு எப்படி இருந்ததோ அப்படி. எட்ச் பித்தளையில் மாலுமிகள் கிடைக்கிறார்களே, ஆள் ஒன்றுக்கு இரண்டரை மில்லிமீட்டர், அதில் நாற்பது பேரைத் தளத்தில் ஆங்காங்கே நிறுத்தியிருந்தேன். நிஜத்தில் அன்று அந்த நேரத்தில் யாரும் அப்படித் திறந்தவெளியில் உலவியிருக்க மாட்டார்கள். அழகுக்காக வைத்ததுதான்.

நண்பரின் மகள், பள்ளிக்கூடப் பெண், கேட்டாள். கப்பலில் 1418 பேர் இருந்தார்கள், மூன்று பேர்தான் பிழைத்தார்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவள் சாமணத்தை எடுத்து, தொடாமல், நுனியை மட்டும் தளத்தின் மேலே நகர்த்திக்கொண்டே கேட்டாள்: "இதுல அந்த மூணு பேரு யாரு மாமா?"

தெரியாது என்றேன். இரவு தேடிப் பார்த்தேன். பிரிக்ஸ், டண்டஸ் இருவரும் மேலே திசைகாட்டி மேடையில். டில்பர்ன் கீழே படகுத் தளத்தில். என் மாடலில் அந்த மேடை நகக்கணு அளவுகூட இல்லை. உள்ளே எதுவும் வைக்காமல் கூரையை ஒட்டி, ஜன்னல்களுக்குக் கறுப்பு அடித்துவிட்டிருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. படகுத் தளத்தில் மட்டும் ஆறு பேர் நிற்கிறார்கள்.

ஊதுபத்தி

வாட்டர்லைன் அண்ணே, 77 சென்டிமீட்டர் கப்பலை எந்த ஃப்ரீசரில் வைப்பது? நெட்டுக்குத்தலாகவா? வைத்தாலும், குளிர்ந்து சுருங்கி வெளியே வந்ததும் வியர்க்கும் அந்தக் கப்பலில் எத்தனை ரெயிலிங் மிஞ்சும்? சூப்பர் க்ளூ இழுவிசையைத் தாங்கும், திருகினால் தாங்காது. இடுக்கியால் பிடித்து ஒரே திருகு, போதும். நீர்மட்டத்துக்குக் கீழே எதையும் ஒட்டாதவர் புரொப்பெல்லர் பாடம் எடுக்கலாமா என்ற கேள்வியை நான் கேட்கப்போவதில்லை. ஆனால் மாடலுக்கு அடியில் கடல் செய்கிறவர்கள் எல்லோருக்குமே ஒன்று: கொடி ஒரு திசையில் பறக்கும், புகை வேறு திசையில் போகும், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கப்பல் கிழிக்கும் அலை ஆழ்கடலில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 19½ பாகைக்குள் விரியும். 45 பாகையில் விரித்து வைத்தால் படகுப்போட்டி மாதிரி இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். முதல் கப்பலில் தையல் நூலை உரித்துக் கம்பிவடமாகக் கட்டியிருந்தேன். ஒரு மூத்த மாடல்காரர் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. இது கயிறா, குழாயா?" என்றார். கணக்குப் போட்டேன்: 1/700இல் 0.1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர். என் நூல் அதைவிடத் தடிமன். சரி, எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு ஸ்ப்ரூவை (உதிரிபாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தியில் காட்டி முடி மாதிரி இழுத்துக் கட்டினேன். தொய்வு இருந்தால் ஊதுபத்தியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே விறைத்துக்கொள்ளும். பதினேழு வடம் அப்படியே விறைத்தது, பார்க்கவே இன்பம். பதினெட்டாவதில் கை ஒரு மில்லிமீட்டர் கிட்டே போய்விட்டது. டப் என்ற சத்தம்கூட இல்லை. அந்த வடம் அறுந்த வேகத்தில், எதிர்ப்பக்கத்து வடங்கள் முதன்மைக் கொடிமரத்தின் உச்சியை மெதுவாக, வணக்கம் வைப்பது போல, தங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டன. நான் ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாட்டர்லைன்_மட்டும்

ஃப்ரீசர் பொதுவான யோசனை. சின்ன மாடலுக்கு இன்றும் வேலை செய்யும். திருகினால் ஷாஃப்டும் சேர்ந்து திருகும் என்பதை ஊதுபத்தி சொல்லவில்லை. 19½ பாகை சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

எழுநூறு

நீலத்தளம், அந்த மேடைக் கூரையைக் கழற்றிப் பார்த்தீர்களா?

நீலத்தளம்

இல்லை. பிளேடை எடுத்து வைத்திருக்கிறேன், ஆறு மாதமாக.

அமரக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இடுக்கியை எடுத்துவிட்டேன். மூன்று சத்தமில்லாமல் கழன்றன. நான்காவதில் வாட்டர்லைன் சொன்னதுதான் நடந்தது, ஷாஃப்டும் கூடவே திரும்பி, தாங்கியில் ஒரு கால் முறிந்தது. இப்போது வலப்பக்கம் சரியாக இருக்கிறது, இடப்பக்கம் வெளி ஷாஃப்டில் ஒன்றுமே இல்லை. பெரியவர் அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு மறுபடி வருகிறாராம்.