‘மரபணு மாறுபாடு’ ஒன்றே போதுமா? மலேரியா தடுப்பூசிக் குறிப்புக்கு இரண்டு சொற்கள்

திருச்சியிலிருந்து, விலங்கியல் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். இளங்கலை இரண்டாம் ஆண்டுத் தமிழ்வழி மாணவர்களுக்காக மலேரியா தடுப்பூசி பற்றி ஒரு பாடக்குறிப்பு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ஆங்கிலத்தில் ஜெனிடிக் டைவர்சிட்டி, ஆன்டிஜெனிக் வேரியேஷன் என்று இரண்டு இருக்கின்றன. (ஆன்டிஜென் என்பது கிருமியில் நம் உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் பகுதி.) எனக்குக் கிடைத்த பழைய தமிழ்ப் பிரதியில் இரண்டுக்கும் ‘மரபணு மாறுபாடு’ என்றே போட்டிருக்கிறார்கள். “மாறுபாடு காரணமாகத் தடுப்பூசி முழுப் பலன் தரவில்லை” என்று ஒரு வரி. வகுப்பில் இதைப் படித்ததும் ஒரு மாணவி, “ஊசி போட்டதும் கிருமி மாறிக்கொள்கிறதா மேடம்?” என்று கேட்டாள். அந்த வரி சொல்ல வந்தது அதுவல்ல. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள், ஏன், ஒரே ஆளின் ரத்தத்திலேயே வெவ்வேறு வகை மலேரியா ஒட்டுண்ணிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதுதான் அங்கே செய்தி. இரண்டு சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சிக்கல் ‘மாறு’ என்ற வேரிலேயே இருக்கிறது. ஒன்று இன்னொன்றாக ஆவதும் மாறுதல், ஒன்றோடு ஒன்று ஒவ்வாமல் நிற்பதும் மாறுபடுதல். ‘மாறுபட்ட கருத்து’ என்கிறோம். அந்தக் கருத்து எதிலிருந்தும் மாறி வந்ததல்ல. உங்கள் மாணவி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

டைவர்சிட்டிக்கு ‘மரபணுப் பன்மை’ போதும். ‘பன்மயம்’ என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். மயம் வடமொழி ஈறு. அது போகட்டும், மயம் என்றால் அதுவே எங்கும் நிறைந்திருப்பது. இருள்மயம் என்றால் புரிகிறது, பன்மயம் என்றால் எது நிறைந்திருக்கிறது? ‘பல்வகைமை’ என்பாரும் உண்டு. வகை என்பது வகுத்தலிலிருந்து வருவது. வகுப்பு, தலைமயிரில் எடுக்கும் வகிடு எல்லாம் அதே வேர். யாராவது கோடு கிழித்துப் பிரித்தால்தான் வகை. பன்மை அப்படியல்ல, தானாகவே பலவாய் இருப்பது.

வேரியேஷனுக்குத் ‘திரிபு’. தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்று. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. சொல் அதேதான், உருவம்தான் வேறு.

சென்னையிலிருந்து, நாளிதழ் உதவி ஆசிரியர்:

ஐயா, திரிபு நம் கையைவிட்டுப் போய்விட்டது. கொரோனா காலத்தில் டெல்டா திரிபு, ஒமைக்ரான் திரிபு என்று எழுதி எழுதி, வேரியன்ட் என்ற பொருளில் அது ஊன்றிவிட்டது. அதாவது தனித்தனி வகை. இப்போது அதையே வகை மாறும் செயலுக்கும் வைத்தால் பழைய குழப்பம் வேறு பெயரில் திரும்பி வரும்.

பன்மையிலும் சிக்கல் உண்டு. ‘மரபணுப் பன்மை’ என்று தலைப்பிட்டால் மரபணுக்கள் எண்ணிக்கையில் அதிகம் என்றுதான் வாசகர் படிப்பார். ஒருமை, பன்மை என்று ஆறாம் வகுப்பிலேயே மனத்தில் பதிந்துவிட்ட சொல் அது. ‘பல்வகைமை’ போடுங்கள், முதல் வாசிப்பிலேயே பிடிபடும். தூய்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து:

தூய்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்கிறார்கள் தம்பி. அந்தப் ‘பிறகு’ எந்தக் கலைச்சொல்லுக்கும் வந்ததில்லை.

கோவையிலிருந்து, மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர்:

சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பிரித்து வைக்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லில் சொன்னால் தடுப்பூசி வடிவமைப்பு என்ற பகுதியே மாணவர்களுக்குப் புரியாது.

முதலில் டைவர்சிட்டி. மனித உடலில் இந்த ஒட்டுண்ணிக்கு ஒரே ஒரு தொகுதி குரோமோசோம், மொத்தம் 14. ஆண், பெண் இணைவு கொசுவின் வயிற்றில்தான் நடக்கிறது. ஒரே கடியில் இரண்டு வகை ஒட்டுண்ணிகள் உள்ளே போனால் அங்கே மரபணுக்கள் கலந்து புதுச் சேர்க்கைகள் பிறக்கின்றன. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் ஒரே குழந்தையின் ரத்தத்தில் பல வகைகள் சேர்ந்திருப்பது சாதாரணம்.

தடுப்பூசியோ பெரும்பாலும் ஒரே வகையை வைத்துச் செய்யப்படுகிறது. அதன் பெயர் 3டி7. நெதர்லாந்தில் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகில் வசித்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணியின் வழி வந்தது. 2002இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான். வசதியாக ஆய்வகத்தில் வளர்கிறது, அதனால் எல்லோரும் அதையே எடுத்தார்கள்.

விளைவைப் பாருங்கள். மாலி நாட்டின் பண்டியகாராவில் 400 குழந்தைகளிடம் ஏ.எம்.ஏ.1 என்ற புரதத்தை வைத்து ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வந்தது. மொத்தத்தில் பலன் சுமார் 17 விழுக்காடு, புள்ளியியல்படி அது பலன் என்றே சொல்ல முடியாத அளவு. ஆனால் தடுப்பூசியில் இருந்த வகையோடு ஒத்துப்போன ஒட்டுண்ணிகளை மட்டும் கணக்கிட்டால் 64 விழுக்காடு! ஊசி வேலை செய்தது. அது அடையாளம் கண்ட வகைதான் அந்த ஊரில் கொஞ்சமாக இருந்தது.

பப்புவா நியூ கினியில் இன்னும் கவலைக்குரிய முடிவு. அங்கே சோதித்த ஊசியில் எம்.எஸ்.பி.2 புரதத்தின் 3டி7 வகை இருந்தது. ஊசி போட்ட குழந்தைகளிடம் அந்த வகை குறைந்தது, எஃப்.சி.27 என்ற மற்ற வகையால் வந்த காய்ச்சல் கூடியது.

2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்.டி.எஸ்.எஸ். ஊசியிலும் இது தெரிகிறது. 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் முதல் ஓராண்டில், ஊசியோடு ஒத்த வகைக்கு எதிராக 50 விழுக்காடு, ஒவ்வாத வகைக்கு எதிராக 33 விழுக்காடு. ஒத்த வகையோ பத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்த மூன்றிலும் எந்த ஒட்டுண்ணியும் எதுவாகவும் மாறவில்லை. ஏற்கெனவே பலவாக இருந்தன, அவ்வளவுதான்.

வேரியேஷன் வேறு கதை. ஒரே ஒட்டுண்ணிக்குள் ‘வார்’ (var) எனப்படும் மரபணுக்கள் ஏறத்தாழ 60 இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். தொற்றிய சிவப்பணுவின் மேற்பரப்பில் அதன் புரதம் வந்து உட்காரும். உடல் அதைக் கண்டுகொண்டு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) செய்வதற்குள் வேறொரு வார் மரபணு விழித்துக்கொள்ளும். அதனால்தான் தொற்று மாதக்கணக்கில் நீடிக்கிறது.

முதல் சிக்கலுக்குத் தீர்வு, பல வகைப் புரதங்களைச் சேர்த்து ஊசி செய்வது, அல்லது ஆர்.எச்.5 போல எல்லா ஒட்டுண்ணிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் புரதத்தைப் பிடிப்பது. இரண்டாவது சிக்கலுக்கு இவ்வளவு நேரான வழி இல்லை. ஆகவே இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும். எந்தச் சொல் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து, உயிரியல் ஆசிரியை:

எங்கள் பாடநூல்களில் அல்லீலுக்கு, அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்றுக்கு, ‘எதிருரு’ என்ற சொல் நீண்ட காலமாக இருக்கிறது. ஜெனிடிக்ஸ் எங்களுக்குப் பிறப்புரிமையியல், ஆன்டிபாடி பிறபொருளெதிரி. இந்தியத் தமிழில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவது எனக்குக் கவலையாக இருக்கிறது. கோவை ஐயா சொன்ன மாலி உதாரணத்தில் நடந்தது எதிருருக்களின் பன்மை. ‘எதிருருப் பல்வகைமை’ என்றால் மாறுதல் என்ற எண்ணமே எழாது. உரு என்ற சொல்லும் உள்ளே இருக்கிறது, பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

இன்னுமொன்று. 1963இல் இலங்கையில் மலேரியா 17 பேருக்குத்தான் வந்தது. நோய் ஒழிந்தது என்று மருந்தடிப்பதைக் குறைத்தார்கள், 1960களின் இறுதியில் லட்சக்கணக்கானோருக்குத் திரும்பி வந்தது. 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இப்போது வெளியிலிருந்து ஒரு தொற்று வந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடவும் இந்தப் பல்வகைமை உதவும். உங்கள் குறிப்பில் இதற்கு ஒரு வரி இடம் கொடுங்கள்.

மதுரையிலிருந்து:

கோவை ஐயாவின் விளக்கத்தைப் படித்ததும் கந்தபுராணம் நினைவுக்கு வந்தது. யானைமுகத் தாரகன், சிங்கமுகன், சூரபத்மன் மூவரும் உடன்பிறந்தோர். ஒரே குலம், வேறு வேறு முகம். ஒருவனை வென்றாலும் அடுத்தவன் அப்படியே நிற்கிறான். இது டைவர்சிட்டி. பிறகு சூரன் ஒருவனே சக்கரவாகப் பறவையாகவும் கடலாகவும் மாமரமாகவும் உருக்கொள்கிறான். இது வேரியேஷன். அதற்கு ‘உருமாற்றம்’ பொருந்துமா?

திருச்சியிலிருந்து:

ஐயா, அருமையான விளக்கம், வகுப்பில் சொல்லப் போகிறேன். ஆனால் விலங்கியலில் தலைப்பிரட்டை தவளையாவதுதான் உருமாற்றம். தேர்வில் பதில்கள் கலந்துவிடும்.

சென்னையிலிருந்து:

அப்படியானால் ‘முகமாற்றம்’? திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரத்தின்போது ஒரே உடலில் தலையைக் கழற்றி வேறு தலை பொருத்துகிறார்கள். கிருமி மாற்றுவதும் உடல் பார்க்கும் வெளிமுகத்தைத்தான்.

மதுரையிலிருந்து:

அந்த விழாவில் யானைத்தலையும் சிங்கத்தலையும் அந்த ஒரே உடலில்தான் ஏறுகின்றன. மூன்று பேரை ஒருவனாக்கிக் காட்டும் வழக்கம் அது. நாம் பிரிக்க நினைப்பதையே அது சேர்க்கிறது. உவமையை விட்டுவிட்டால் முகமாற்றம் நல்ல சொல். முகம் தமிழா வடமொழியா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன். முகப்பு, முகடு, முகில், முகவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோவையிலிருந்து:

ஒரு தடை. வார் மரபணுக்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஓர் ஒட்டுண்ணி வைத்திருக்கும் 60ம் அடுத்த ஒட்டுண்ணியின் 60ம் ஒன்றல்ல. ஆக, முகத்தை மாற்றுகிறது, மாற்றிக்கொள்ளும் முகங்களின் தொகுப்பும் ஆளுக்கு ஆள் வேறு. ‘முகமாற்றம்’ என்று மட்டும் வார் பகுதியில் எழுதினால் பாதி உண்மைதான் வரும். அங்கே இரண்டு சொற்களையும் போட வேண்டும்.

திருச்சியிலிருந்து:

சரி. நாளை காலை அச்சகம் கேட்கும். ‘மரபணுப் பல்வகைமை’க்குச் சென்னை, கோவை, தனி மடலில் எழுதிய இருவர், நான். பன்மைக்கு மதுரை ஐயா மட்டும். ‘ஆன்டிஜென் முகமாற்றம்’ என்பதற்கு எதிர்ப்பு வரவில்லை, முழு மனத்தோடு ஆதரவும் வரவில்லை. எதிருருவைச் சொல்லடைவில் அல்லீலுக்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். பழைய வரி இப்போது இப்படி:

“ஒட்டுண்ணிகளிடம் உள்ள மரபணுப் பல்வகைமையால், ஒரே வகையைக் கொண்டு செய்த தடுப்பூசி மற்ற வகைகளிடம் குறைவாகவே பலன் தருகிறது.”

வார் பகுதியில் கோவை ஐயா சொன்னபடி இரண்டு சொற்களும் வருகின்றன. இலங்கை பற்றிய வரியும் சேர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நன்றி. நான் வகுப்பில் எதிருருப் பல்வகைமை என்றே படிப்பிப்பேன். எங்கள் பிள்ளைகள் சோதனையில் அதைத்தான் எழுத வேண்டும்.

மதுரையிலிருந்து:

வரி தெளிவாக இருக்கிறது அம்மா. அச்சுக்குக் கொடுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது பன்மையை மறுபடி பேசுவோம்.