செல்போன் புரட்சிக்குக் காரணம் இன்கமிங் இலவசமா?

பூத்துக்காரன்:
எல்லோரும் 2016 ஜியோவையே சொல்கிறார்கள். என் கணக்கில் திருப்பம் 2003 மே மாதம். அதுவரை நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கட்டவேண்டும். போன் அடித்ததும் நம்பரைப் பார்த்துக் கட் செய்துவிட்டு, காசு கொடுத்துப் பேசும் என் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிவந்து திருப்பிக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவரே கட்டட்டும் என்று விதியை மாற்றினார்கள், அவ்வளவுதான். 2003 மார்ச்சில் சுமார் 1.3 கோடியாக இருந்த இணைப்புகள் அடுத்த மார்ச்சில் 3.3 கோடி!

மத்திமீன்:
ஒரே விதிக்கு மாலை போடாதீர்கள் அண்ணா. 1999 தொலைத்தொடர்புக் கொள்கையில், கம்பெனிகள் அரசுக்குக் கட்டிய நிலையான உரிமக் கட்டணத்தை வருவாயில் ஒரு பங்காக மாற்றியதால்தான் கம்பெனிகள் மூச்சுவிட்டன. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் நிமிடம் 40 பைசா என்று இறங்கியது. அதற்கும் முன்பே, 1997 முதல் 2001 வரை, வடகேரளக் கடற்கரையில் டவர் வரவர மத்தி பிடிப்பவர்களில் பாதிக்கு மேல் போன் வாங்கிவிட்டார்கள். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சனின் ஆய்வு இது. அதுவரை ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி வியாபாரி வெறுங்கையோடு திரும்புவார். போன் வந்தபின் கடலிலிருந்தே விலை கேட்டுப் படகைத் திருப்பினார்கள். இன்கமிங்குக்குக் காசு இருந்த காலம் அது!

பூத்துக்காரன்:
படகுக்காரர் ஒரு நாள் மீனிலேயே போன் செலவை எடுத்துவிடுவார் தம்பி. எலக்ட்ரீஷியனையும் கொத்தனாரையும் பாருங்கள். அவர்களுக்குச் சோறு போடுவது வருகிற அழைப்பு. வேலை கிடைக்குமா என்று தெரியாமலே ஒவ்வொரு அழைப்புக்கும் காசு அழ யாரால் முடியும்? இலவசம் ஆனதும் அவர் வாங்கினார். அவரைத் தேடுகிறவர்கள் வாங்கினார்கள். அப்புறம் அவர்கள் வீட்டார். ஒவ்வொருவர் வாங்கும்போதும் அடுத்தவருக்குப் போனின் மதிப்பு கூடியது.

ரீசார்ஜ்ராணி:
வேலிடிட்டியை இருவருமே மறந்துவிட்டீர்கள். இன்கமிங் இலவசம்தான், ஆனால் மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டால் அதுவும் நின்றுவிடும். 2005 கடைசியில் மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாமலே இன்கமிங் வரும் லைஃப்டைம் கார்டு சுமார் ஆயிரம் ரூபாய்க்கு வந்த பிறகுதான் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பயமில்லாமல் நம்பரை வைத்துக்கொண்டார்கள்.

மத்திமீன்:
நான் சொல்வதும் அதுதான், ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவை இவை. டவரே இல்லாத ஊரில் இலவச இன்கமிங் யாருக்கு?

பூத்துக்காரன்:
நகரங்களில் 1995-லிருந்தே டவர் இருந்ததே! எட்டு வருடம் கழித்தும் நாடு முழுக்க 1.3 கோடிதான். டவர் இருந்த அந்த ஊர்களில் கொத்தனார் ஏன் வாங்கவில்லை? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.